காருக்கு ஏற்ற கிளட்சும் ஃப்ளைவீலும்

குயவர் பானை வனைவதை நீங்கள் பார்த்திருக்கலாம். கனத்த சக்கரத்தை ஒரு கோலால் வேகமாகச் சுழற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுவார். அதன் பிறகு சக்கரம் தானாகவே நெடுநேரம் சுழலும். களிமண்ணை அவர் கைகள் அழுத்தும்போதும் அது சட்டென்று நின்றுவிடுவதில்லை. சக்கரம் இலேசாக இருந்தால் என்ன ஆகும்? சுழற்றிவிடுவது எளிது, ஆனால் கை பட்டவுடன் நின்றுவிடும். மிகக் கனமாக இருந்தால்? நிற்காது, ஆனால் சுழற்றிவிடுவதற்குள் கை ஓய்ந்துவிடும். தம் வேலைக்கு எந்த அளவு சரி என்பதைக் குயவர் அனுபவத்தால் அறிவார்.

மோட்டார் காரின் எஞ்சினிலும் இத்தகைய ஒரு சக்கரம் உண்டு. அதற்கு ஃப்ளைவீல் என்று பெயர். அதன் முகத்தோடு ஒட்டியும் விலகியும் வேலை செய்வது கிளட்ச். இவை தேய்ந்துபோனால் புதியவை வாங்கிப் பொருத்த வேண்டும். சாதாரணக் காருக்கு, கழற்றியது எதுவோ அதையே மீண்டும் பொருத்திவிடுவார்கள். பந்தயக் காரைப் போல விரைவாக ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரில்தான் சிக்கல் எழும். 'இதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும் கிளட்ச்', 'எடையில் பாதி மட்டுமே உள்ள ஃப்ளைவீல்' என்று விதவிதமானவை கடைகளில் கிடைக்கும். காரின் சொந்தக்காரர், எல்லாவற்றிலும் வலுவான கிளட்ச், எல்லாவற்றிலும் இலேசான ஃப்ளைவீல் என்று வாங்கிவிடலாமா? அப்படி வாங்கினால் கார் நன்றாக ஓடுமா? இக்கேள்விக்கு உங்கள் இயற்பியல் பாடநூலைக் கொண்டே விடை காணலாம். வாருங்கள், காண்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கார்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட காரை வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாக இருக்கும். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்தது. எம்.எக்ஸ்-5 என்பது அதன் பெயர். அமெரிக்காவில் மியாட்டா என்று அழைத்தனர். இருவர் மட்டுமே அமரலாம். மேற்கூரையைத் திறந்து மடித்துக்கொள்ளலாம். இவ்வகைக் கார்கள் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் எட்டின. முதல் தலைமுறைக் கார்களைப் பழுதுபார்த்துப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டா நிறுவனமே 2017இல் ஜப்பானில் அறிவித்தது. ஆகவே பழைய எம்.எக்ஸ்-5 ஒன்றுக்குக் கிளட்ச் மாற்றுவது கற்பனைக் கணக்கு அன்று. பல நாடுகளில் அன்றாடம் நடப்பதே.

இக்காரின் முதல் வடிவத்தில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். அது தரும் உச்சத் திருப்புவிசை 136 நியூட்டன் மீட்டர். கிளட்ச் தட்டின் விட்டம் 200 மில்லிமீட்டர். பின்னர் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது தட்டின் விட்டம் 215 மில்லிமீட்டராகப் பெருகியது. காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுநரையும் சேர்த்து 1,050 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது?

ஃப்ளைவீல் எஞ்சினின் கிராங்க் தண்டோடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் சுழலும்போதெல்லாம் அதுவும் சுழலும். அதற்கு எதிரே, கியர் பெட்டிக்குச் செல்லும் தண்டில் கிளட்ச் தட்டு இருக்கிறது. தட்டின் இரு பக்கங்களிலும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டிருக்கும். கிளட்ச் தட்டுக்குப் பின்னால் இருப்பது பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்துத் தட்டு. இதிலுள்ள வலிய வில் கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்துகிறது. இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த வெள்ளரி வில்லையைப் போலக் கிளட்ச் தட்டு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. ஓட்டுநர் கிளட்ச் மிதியை அழுத்தினால் வில் பின்வாங்கும், தட்டு விடுபடும், எஞ்சின் சுழன்றாலும் கியர் பெட்டிக்கு ஆற்றல் செல்லாது.

எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே பல்லோடு பல் பொருந்தும் இணைப்பு இவ்விடத்தில் இல்லை. உராய்வு ஒன்றே இணைப்பு என்பதைக் கவனியுங்கள். உராய்வு விசை என்பது அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைப்பது. அதை ஆரத்தால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும். தட்டுக்கு இரு முகங்கள் இருப்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். ஆக,

கிளட்ச் தாங்கும் திருப்புவிசை = 2 × உராய்வுக் குணகம் × அழுத்தும் விசை × சராசரி ஆரம்.

உராய்வுக் குணகம் 0.3 என்றும், வில்லின் அழுத்தும் விசை 4,000 நியூட்டன் என்றும் கொள்வோம். தட்டின் வெளி ஆரம் 100 மில்லிமீட்டர். உராய்வுப் பொருளின் உள் ஆரம் 65 மில்லிமீட்டர் எனக் கொண்டால் சராசரி 82.5 மில்லிமீட்டர். எனவே 2 × 0.3 × 4,000 × 0.0825 = 198 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்சம் 136 மட்டுமே. கிளட்சின் திறன் ஏறத்தாழ அதைப்போல ஒன்றரை மடங்கு. காரை வடிவமைப்பவர்கள் பொதுவாக வைக்கும் இடைவெளி இதுதான்.

கிளட்ச் தேயும்போது இந்த இடைவெளி குறைகிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிந்து தட்டில் பட்டு உராய்வுக் குணகம் 0.15 ஆகப் பாதியாய்க் குறைந்தது என்று வையுங்கள். திறன் 99 நியூட்டன் மீட்டராகிவிடும். எஞ்சின் 136 தரும்போது தட்டு வழுக்கும். எஞ்சினின் சுழற்சி ஏறும். காரின் வேகம் ஏறாது. கருகிய வாடை வரும். கிளட்சை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இவையே அடையாளங்கள்.

பிடிப்பைக் கூட்டும் மூன்று வழிகள்

சூத்திரத்தை மீண்டும் பாருங்கள். திறனைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அழுத்தும் விசையைக் கூட்டுவது. வில்லை இருமடங்கு வலிதாக்கினால் திறனும் இருமடங்காகும். ஆனால் மிதியை அழுத்தும் கால் இருமடங்கு உழைக்க வேண்டும். நெரிசலான சாலையில் நிமிடத்துக்கு நான்கு முறை மிதிக்கும் ஓட்டுநர் என்ன பாடுபடுவார்! அதோடு, மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் தண்டை அதன் நீளவாட்டில் தள்ளுகிறது. அதைத் தாங்கும் பேரிங்கும் விரைவில் தேயும்.

இரண்டாவது, உராய்வுக் குணகத்தைக் கூட்டுவது. உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த வெண்கல வில்லைகளைப் பதித்த தட்டுகள் பந்தயக் கார்களுக்கு உண்டு. அவை அதிக வெப்பத்திலும் பிடிப்பை இழப்பதில்லை. ஆனால் சாதாரணத் தட்டு மெல்ல வழுக்கி, மெல்லப் பிடித்துக் காரை இதமாக நகர்த்தும். இவையோ வெடுக்கென்று பிடிக்கும். கார் குதித்துக் கிளம்பும். ஃப்ளைவீலின் முகத்தையும் விரைவில் தேய்க்கும்.

மூன்றாவது, ஆரத்தைக் கூட்டுவது. 215 மில்லிமீட்டர் தட்டின் உள் ஆரம் 70 எனக் கொண்டால் சராசரி ஆரம் 88.75 மில்லிமீட்டர். திறன் 213 நியூட்டன் மீட்டர். அதே வில், அதே உராய்வுப் பொருள். கூடுதல் 7 அல்லது 8 விழுக்காடு. கால் நோகாது, கார் குதிக்காது. ஆனால் பெரிய தட்டு பதிய இடம் வேண்டுமே! 200 மில்லிமீட்டர் ஃப்ளைவீலில் 215 மில்லிமீட்டர் கிளட்ச் உட்காராது. கூடவே ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டும். நல்லவேளையாக, 1.8 லிட்டர் எஞ்சினின் ஃப்ளைவீல் 1.6 லிட்டர் எஞ்சினின் தண்டிலும் பொருந்தும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெரிய தட்டின் பரப்பு கூடுகிறதே, அதனால் உராய்வு கூடாதா? கூடாது. பிரெஞ்சு அறிஞர் அமாண்டன்ஸ் 1699இல் எடுத்துரைத்த விதி உங்களுக்குத் தெரியும்: உராய்வு விசை தொடு பரப்பைப் பொறுத்ததன்று. ஆகவேதான் சூத்திரத்தில் பரப்பு இடம்பெறவில்லை. ஆயினும் பரப்பால் பயன் உண்டு. நம் கணக்கின்படி ஒரு முகத்தின் பரப்பு 181 சதுர சென்டிமீட்டரிலிருந்து 209 ஆகிறது. அதே வெப்பமும் அதே தேய்மானமும் 15 விழுக்காடு அதிகப் பரப்பில் பகிர்ந்துகொள்ளப்படுவதால் தட்டு நீண்ட நாள் உழைக்கும்.

கிளட்ச் ஒரு ஃபியூஸ்

'எதற்கும் இருக்கட்டும்' என்று 400 நியூட்டன் மீட்டர் தாங்கும் கிளட்சை வாங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்களா? வீட்டில் 5 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்பதற்காக அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவரை நினைத்துப் பாருங்கள். ஃபியூஸ் எரியாது, அடுத்து எரிவது சுவருக்குள் இருக்கும் கம்பி.

எஞ்சின் வேகமாகச் சுழலும்போது ஓட்டுநர் கிளட்ச் மிதியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் சேர்ந்து பாயும். அப்போது கியர் பெட்டிக்குச் செல்லும் திருப்புவிசைக்கு வரம்பு கட்டுவது எஞ்சின் அன்று. கிளட்சின் வழுக்கும் எல்லையே. 198இல் வழுக்க வேண்டியது 400 வரை வழுக்காமல் நின்றால் அந்த அதிர்ச்சியைக் கியரின் பற்களும் பின்சக்கர அச்சுகளும் ஏற்க வேண்டும். கிளட்ச் தட்டின் விலை சிறிது. கியர் பெட்டியின் விலை பெரிது. வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவதும் கிளட்சின் கடமையே.

ஃப்ளைவீல் இலேசானால்...

இனி ஃப்ளைவீலுக்கு வருவோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு அரைச் சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மட்டுமே வெடிப்பு நிகழ்கிறது. ஆகவே திருப்புவிசை சீராக வருவதில்லை. உந்தி உந்தி வருகிறது. உந்தலின்போது ஆற்றலை வாங்கி, இடைவேளையில் திருப்பித் தந்து சுழற்சியைச் சீராக்குவது ஃப்ளைவீல். அது எவ்வளவு சேமிக்கும் என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் முடிவு செய்கிறது.

எடை 8 கிலோகிராம், ஆரம் 14 சென்டிமீட்டர் கொண்ட ஒரு வட்டத் தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் ½ × 8 × 0.14 × 0.14 = 0.078 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். அதே வடிவில் 4 கிலோகிராம் எடையுள்ளதற்கு 0.039. குறைந்திருப்பது 0.039. இதனால் காருக்கு எவ்வளவு இலாபம்?

இங்கேதான் கியரின் விந்தை வருகிறது. எம்.எக்ஸ்-5 காரின் முதல் கியர் விகிதம் 3.136, பின் அச்சின் விகிதம் 4.3. இரண்டையும் பெருக்கினால் 13.5. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 13.5 சுற்றுகள் சுற்ற வேண்டும். கார் வேகம் பிடிக்கும்போது ஃப்ளைவீல் அதைப்போல 13.5 மடங்கு விரைந்து வேகம் பிடிக்க வேண்டும். ஆற்றல் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஃப்ளைவீலின் நிலைமத் திருப்புத்திறனை விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சக்கர ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அது காரின் எடையில் எத்தனை கிலோகிராமுக்குச் சமம் என்பது கிடைக்கும். சக்கரத்தின் ஆரம் 0.28 மீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால் விடை இதோ:

முதல் கியரில் 91 கிலோகிராம்.
இரண்டாம் கியரில் 33 கிலோகிராம்.
மூன்றாம் கியரில் 16 கிலோகிராம்.
நான்காம் கியரில் 9 கிலோகிராம்.
ஐந்தாம் கியரில் 6 கிலோகிராம்.

பார்த்தீர்களா! ஃப்ளைவீலில் 4 கிலோகிராமைக் குறைத்தால், முதல் கியரில் காரிலிருந்து ஒரு பெரிய ஆளையே இறக்கிவிட்டதற்குச் சமம். ஆனால் ஐந்தாம் கியரில் ஒரு பெட்டியை இறக்கியதற்குத்தான் சமம். 'இலேசான ஃப்ளைவீல் எஞ்சினின் சக்தியைக் கூட்டும்' என்று சிலர் சொல்வது சரியன்று. சக்தி கூடுவதில்லை, ஃப்ளைவீலை முடுக்குவதில் செலவாகும் பங்கு குறைகிறது, அவ்வளவே. சீரான வேகத்தில் செல்லும்போது எந்தப் பயனும் இல்லை.

இழப்பு என்ன? எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 850 சுற்றுகள் எனக் கொள்வோம். அப்போது 8 கிலோகிராம் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் 310 ஜூல். 4 கிலோகிராம் ஃப்ளைவீலில் 155 ஜூல் மட்டுமே. மேட்டில் நின்ற காரைக் கிளப்பும்போது ஓட்டுநர் சிறிது தவறினாலும், கனத்த ஃப்ளைவீல் தன் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்துக் காப்பாற்றும். இலேசான ஃப்ளைவீலில் அந்தச் சேமிப்பு பாதிதான், எஞ்சின் நின்றுவிடும். குயவர் சக்கரத்தில் கண்ட அதே உண்மைதான் இது.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினின் உந்தல்கள் கியர் பெட்டிக்குச் சென்று பற்களைக் கடகடவென ஒலிக்கச் செய்யும். இதைத் தணிக்கவே கிளட்ச் தட்டின் நடுவில் சிறு சுருள்வில்களை வைத்திருக்கிறார்கள். வேறு சில கார்களில் ஃப்ளைவீலையே இரண்டாகப் பிரித்து இடையே வில்களை வைக்கிறார்கள். இந்த இரட்டை ஃப்ளைவீலை ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அத்தகைய காரில் அதை நீக்கி ஒற்றை ஃப்ளைவீலைப் பொருத்தினால் எடை குறையும்; கடகடப்பு திரும்ப வரும். 1992ஆம் ஆண்டின் போர்ஷ் 911 கரேரா ஆர்.எஸ். காருக்கு அந்நிறுவனமே இலேசான ஃப்ளைவீலைப் பொருத்தியது. பந்தய ஓட்டத்தை விரும்புபவருக்கு அது ஏற்றது என்பதால் செய்தார்கள். எல்லாருக்கும் ஏற்றது என்பதால் அன்று.

வெப்பம் எங்கே போகிறது?

நின்ற கார் கிளம்பும்போது எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டும் சமவேகம் அடையும்வரை தட்டு வழுக்கும். எஞ்சினின் வேகம் மாறாமல் இருந்தால், அது தரும் ஆற்றலில் சரிபாதி காரின் இயக்க ஆற்றலாகும். மறுபாதி கிளட்சில் வெப்பமாகும். மாறா மின்னழுத்தத்தில் மின்தேக்கியை மின்னேற்றும்போது பாதி ஆற்றல் மின்தடையில் வெப்பமாவதை மேல்வகுப்பில் படிப்பீர்கள். அதே கணக்குதான்.

நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளில் நிதானமாகக் கிளம்பினால், தட்டு முழுதாகப் பிடிக்கும்போது காரின் வேகம் நொடிக்கு 3.3 மீட்டர், வெப்பம் ஏறத்தாழ 5,600 ஜூல். பந்தயத்தில் போல 5,000 சுற்றுகளில் கிளம்பினால் வேகம் நொடிக்கு 10.9 மீட்டர், வெப்பம் 62,000 ஜூல். சுற்று மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். வெப்பமோ பதினொரு மடங்கு!

இதில் பாதி ஃப்ளைவீலுக்கும் பாதி அழுத்துத் தட்டுக்கும் செல்கிறது என்போம். ஃப்ளைவீலுக்கு 31,000 ஜூல். இரும்பின் தன் வெப்பம் ஒரு கிலோகிராமுக்கு 460 ஜூல் எனக் கொண்டால், 8 கிலோகிராம் ஃப்ளைவீலின் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி உயரும். 4 கிலோகிராம் எஃகு ஃப்ளைவீலில் 17 டிகிரி உயரும். உராயும் முகத்திலோ ஒரு கணம் இதைவிடப் பன்மடங்கு ஏறும். அடுத்தடுத்துப் பத்து முறை இவ்வாறு கிளம்பினால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

அலுமினியத்தால் செய்த 4 கிலோகிராம் ஃப்ளைவீல் எப்படி? அலுமினியத்தின் தன் வெப்பம் 900 ஜூல். இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே பாதி எடையுள்ள அலுமினியம் அதே அளவு வெப்பத்தை ஏற்கும்! ஆனால் அலுமினியம் மென்மையானது. கிளட்ச் தட்டு உராய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகையால் உராயும் முகத்தில் ஓர் எஃகு வளையத்தைப் பதிக்கிறார்கள். அது தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். விலை அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணம்தான் நட்டமாகும். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று.

இலேசான ஃப்ளைவீலுக்குப் பணம் செலவிட மனமில்லாத சிலர், தம் காரிலுள்ள வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே கடைசல் பட்டறையில் கொடுத்துப் பின்புறத்தைக் கடைந்து கிலோக்கணக்கில் குறைத்துவிடுகிறார்கள். உராயும் முகத்தைச் சமமாக்க ஓர் இழை கடைவது வழக்கமான வேலை, அதில் பிழையில்லை. பின்புறத்தைக் குடைந்து எடுப்பது வேறு.

சுழலும் வளையத்தின் ஒவ்வொரு துணுக்கும் நேர்கோட்டில் பாய்ந்தோட முயல்கிறது. அதைப் பிடித்து இழுத்து வைத்திருப்பது உலோகத்தின் உறுதியே. மெல்லிய வளையத்தில் எழும் இழுவிசைத் தகைவு = அடர்த்தி × விளிம்பின் வேகத்தின் வர்க்கம். நடுவில் துளையுள்ள தட்டிலும் உச்சத் தகைவு இதற்கு அருகிலேயே வரும். நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளில் 14 சென்டிமீட்டர் ஆர விளிம்பின் வேகம் நொடிக்கு 103 மீட்டர். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7,200 கிலோகிராம்/கன மீட்டர். தகைவு 76 மெகாபாஸ்கல். சாதாரண வார்ப்பிரும்பு 150 முதல் 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும். ஆபத்தில்லை என்று தோன்றுகிறதல்லவா?

இப்போது ஓட்டுநர் மூன்றாம் கியரில் 7,000 சுற்றுகளில் செல்கிறார். வேகம் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நான்காம் கியருக்கு மாற்ற நினைத்துக் கையை இழுக்கிறார். அவசரத்தில் கை சற்று இடப்பக்கம் நழுவி இரண்டாம் கியரில் விழுந்துவிடுகிறது. கிளட்சை விட்டதும், கார் அதே வேகத்தில் ஓடுவதால், சக்கரங்கள் எஞ்சினை 7,000 × 1.888 ÷ 1.330 என்ற வேகத்துக்கு, அதாவது 9,900 சுற்றுகளுக்கு மேல் இழுத்துச் சுழற்றும். வேகம் 1.42 மடங்கு, தகைவு இரு மடங்கு: 153 மெகாபாஸ்கல். அதோடு, துளைகளின் ஓரத்திலும் நுண்ணிய வெடிப்புகளின் முனையிலும் தகைவு மேலும் இரண்டு மூன்று மடங்காகக் குவியும். அடிக்கடி சூடேறிக் குளிர்ந்த பழைய ஃப்ளைவீலில் அத்தகைய வெடிப்புகள் இருப்பது இயல்பு. கடைந்து மெலிந்த இடமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். உடைந்த துண்டு நொடிக்கு நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அது பறக்கும் தளத்திற்கு அருகில்தான் ஓட்டுநரின் கால்கள் இருக்கின்றன.

சுழலும் உறுப்பில் அடங்கிய ஆற்றல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் புகழ்பெற்ற டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ். 1970ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் நடந்த பந்தயத்தில், கிளம்பும் இடத்திலேயே அவரது வண்டியின் கியர் பெட்டி வெடித்துச் சிதறியது. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். வெடித்தது ஃப்ளைவீல் அன்று; ஆயினும் பாடம் ஒன்றே. அதன் பிறகு எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அவர் வடிவமைத்த வண்டியைப் பின்பற்றியே அவ்வகைப் பந்தய வண்டிகள் மாறின. இன்று அமெரிக்க டிராக் பந்தயங்களில் விரைவான வண்டிகளுக்கு, சோதித்துச் சான்று பெற்ற ஃப்ளைவீலும் கிளட்சும் அவற்றைச் சுற்றித் துண்டுகளைத் தடுக்கும் உறுதியான உறையும் கட்டாயம். இலேசாக்க வேண்டுமென்றால், உலோகக் கலப்பு எஃகில் அதற்கென்றே செய்து சமநிலை சோதித்த ஃப்ளைவீலையே வாங்க வேண்டும். அதன் உறுதி 600 மெகாபாஸ்கலுக்கும் மேல்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போது நம் எம்.எக்ஸ்-5 காரின் சொந்தக்காரருக்கு ஆலோசனை சொல்லும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, 'உங்கள் காரை எங்கே ஓட்டுகிறீர்கள்?' என்பதே.

அன்றாடம் நகரச் சாலையில் ஓட்டுகிறார் என்றால், தொழிற்சாலை பொருத்திய எடையிலேயே ஃப்ளைவீல் இருக்கட்டும். ஃப்ளைவீலில் வெடிப்பும் வெப்பத்தால் நீலம் பாய்ந்த கறையும் இருந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றுவதென்று ஆனபின், 1.8 லிட்டர் எஞ்சினின் ஃப்ளைவீலையும் 215 மில்லிமீட்டர் கிளட்சையும் பொருத்துவது நல்ல தேர்வு.

விடுமுறை நாட்களில் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் என்றால், வளைவுகளில் அடிக்கடி கியர் மாற்றுவார். கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சட்டென்று வேகம் ஏற வேண்டும். அவருக்கு இலேசான எஃகு ஃப்ளைவீல் பயன்படும். ஆனால் தட்டின் நடுவில் வில்கள் உள்ள கிளட்சே போதும்.

எஞ்சினில் டர்போ பொருத்தித் திருப்புவிசையை 200க்கு மேல் கூட்டியவர் என்றால் மட்டுமே வலிய வில்லும் கடினமான உராய்வுப் பொருளும் தேவை. அவரும் 250 முதல் 300 வரை தாங்குவதை வாங்கினால் போதும்; 400 வேண்டாம்.

யாராக இருந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. கிளட்சை எட்டுவதற்குக் கியர் பெட்டியையே கழற்ற வேண்டும், கூலி அதிகம். ஆகவே கிளட்ச் தட்டு, அழுத்துத் தட்டு, அதைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால் தண்டின் முனையிலுள்ள சீலையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய தட்டும் சில மாதங்களில் வழுக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். மிதியைக் கையால் சுற்றிப் பின்சக்கரத்தைச் சுழற்றுங்கள். மிதி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஈரக் களிமண்ணைத் துணியில் பொதிந்து, சக்கரத்தின் விளிம்பருகே கம்பிகளில் எதிரெதிராக இரண்டு இடங்களில் இறுகக் கட்டி, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கைக்கு எவ்வளவு கூடுதல் உழைப்பு? அதே களிமண்ணை நடு அச்சுக்கு அருகில் கட்டினால்? எடை மாறவில்லை, ஆனால் உங்கள் கை வேறுபாட்டை உணரும். ஃப்ளைவீல் வாங்குபவர் எடையை மட்டும் கேட்டால் போதாது, அந்த எடை எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.